ஊமைக்குருவியும் வாய்க்கல்லும்

அந்தக் காலத்தில் ஆள்காட்டிக் குருவிக்கு ஆள்காட்டி என்று பெயர் கிடையாது. ஊமைக்குருவி என்றுதான் சொல்வார்கள். பாம்பும் பறவையும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எல்லாமே பேசின. இந்தப் பறவை மட்டும் பேசாது. பேசத் தெரியாமல் இல்லை. பேசினால் முட்டை போய்விடும் என்ற பயம்.

மற்ற பறவைகளைப்போல அது மரத்தில் கூடு கட்டுவதில்லை. சரளைத் தரையில் லேசாக ஒரு பள்ளம் பறித்து, கல்லோடு கல்லாக நாலு முட்டை இடும். முட்டையின் நிறமும் கல்லின் நிறமும் ஒன்றுதான். பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. ஆனால் பறவை சத்தம் போட்டால், எங்கிருந்து சத்தம் வருகிறது என்று பார்ப்பவர் முட்டையையும் பார்த்துவிடுவார். அதனால் தாய்ப்பறவை மகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: "சத்தம் போட்டவள் முட்டை சட்டியில் வேகும்."

இரண்டு ஓடைகளுக்கு நடுவே ஒரு சரளை மேடு இருந்தது. ஓடைக்கரையில் மாடு மேய்ப்பவர்கள், குழந்தைகள் போக முப்பத்தொரு பேர், குடிசை போட்டிருந்தார்கள். யாராவது இறந்தால் அந்த மேட்டில்தான் வைப்பார்கள். தரையில் குழி தோண்டி, நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, உள்ளே ஆளை வைத்து, மேலே ஒரு பெரிய கல்லால் மூடுவார்கள். அதன்மேல் ஒவ்வொருவரும் கல் பொறுக்கி வந்து குவிப்பார்கள். இதற்குக் கல்வீடு என்று பெயர்.

கல்வீடு கட்டும்போது ஒரு விதி உண்டு. கடைசிக் கல் வைக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. மறந்தும் பேசிவிடக் கூடாது என்பதற்காக ஆளுக்கு ஒரு கூழாங்கல்லை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். அது வாய்க்கல். இறந்தவர் வாயிலும் ஒன்று வைப்பார்கள். பேச்சுச் சத்தம் கேட்டால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இறந்தவர் திரும்பி வந்துவிடுவாராம். வந்தவர் தனியாகப் போகமாட்டார். பேசியவர் வீட்டில் எது சின்னதோ அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவார். இப்படித்தான் அவர்கள் நம்பினார்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பெரியவர் காரி. இரண்டு மழைக்கு முன்பு காய்ச்சலில் விழுந்தவர், தான் பிழைக்கமாட்டோம் என்று முடிவுசெய்து, ஆள்வைத்துப் பலகைக் கல் வெட்டித் தனக்கென்று ஒரு கல்வீட்டைத் தயாராக நிறுத்திவைத்தார். பிறகு காய்ச்சல் இறங்கிவிட்டது. மூடும் கல் மட்டும் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது.

"வீடு கட்டி எத்தன நாளாச்சு, எப்பதான் குடி போவ?" என்று அவருடைய கொழுந்தியாள் சாத்தி கேட்பாள். அவளுக்கு அவரைச் சீண்டுவதே வேலை.

"நீ முன்னால போ. கூட்டிப் பெருக்கி வை, நான் வர்றேன்" என்பார் காரி.

அந்தக் காலியான கல்வீட்டிலிருந்து பத்தடி தள்ளித்தான் ஊமைக்குருவி முட்டை இட்டிருந்தது.

முட்டை அங்கே இருப்பது ஒரே ஒருத்திக்குத் தெரியும். அவள் பெயர் எயினி. பிட்டன் என்பவனின் மனைவி. தவழும் வயதில் ஒரு பெண்குழந்தை அவளுக்கு இருந்தது. கன்றுகளை மேய்ப்பது எயினியின் பொறுப்பு. கன்றுகள் தூரமாகப் போனால் அவள் கத்தமாட்டாள். பால் கறக்கும் மரக்குடுவையைக் கல்லால் தட்டுவாள். முதலில் ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு, படபடவென்று மூன்று தட்டு. டொக்... டொக்டொக்டொக். எங்கே இருந்தாலும் கன்றுகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். அந்தத் தட்டு அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் பழக்கம்.

ஒருநாள் கன்றை விரட்டிக்கொண்டு மேட்டில் ஏறியவள், கால் வைக்கப்போன இடத்தில் நாலு முட்டையைப் பார்த்துவிட்டாள். பறவை அசையாமல் பக்கத்தில் நின்றது. அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

எயினி குனிந்து பார்த்தாள். "அடி ஊமைக்குருவி, இங்கயா வெச்சிருக்க? நான் ஒண்ணும் பாக்கல, போ" என்றாள். பிறகு வேலமரத்தின் முள்கிளை ஒன்றை உடைத்து வந்து, மாடு மிதிக்காதபடி முட்டைக்கு முன்னால் போட்டுவிட்டுப் போனாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று மாலையே யாராவது வந்திருப்பார்கள்.

முட்டை பொரிய இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அன்று காலை ஓடைப் பக்கம் ஒரு அலறல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டுவிரியன் பாம்பு சரளையில் நெளிந்து ஏறி வந்தது. பறவை முட்டையின்மேல் இன்னும் தாழ உட்கார்ந்தது.

"ஏன் முழிக்கிற? உன் முட்ட எனக்கு வேணாம். மனசு சரியில்ல" என்றது பாம்பு. "குளிருக்குப் போய் எயினி போத்திப் படுத்திருந்த மாட்டுத்தோலுக்குள்ள சுருண்டுட்டேன். தூக்கத்துல கைய எம்மேல போட்டா. கடிச்சுட்டேன்."

பறவை முதல்முறையாக வாய் திறந்து, மெதுவாகக் கேட்டது. "செத்துட்டாளா?"

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சு அழுவுறாங்க. ஆனா சாகல. எலி ஒண்ணக் கடிச்சுட்டுத்தான் போனேன், விஷம் கொஞ்சந்தான் மிச்சம் இருந்துச்சு. கண்ணு தொறக்க வராது. கை அசையாது. மூச்சு ஓடுறது வெளிய தெரியாது. காது மட்டும் கேக்கும். யார் யார் என்ன சொல்லி அழுவுறாங்கன்னு எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் கெடக்குறா. வெயில் ஏறினா கை திரும்பும். குரல் கடைசியாத்தான் வரும்."

"போய்ச் சொல்லு!"

"நானா? கடிச்சவன் வந்திருக்கேன், ஒரு சேதி சொல்லணும்னு நிக்கவா? மொதல்ல என் தலைய நசுக்குவாங்க. அப்புறந்தான் என்ன சேதின்னு கேப்பாங்க. நீ சொல்லு. உன்மேல யாருக்கும் கோவம் இல்லயே."

சொல்லிவிட்டுப் பாம்பு ஒரு புற்றுக்குள் இறங்கிவிட்டது.

ஆகவே அந்தக் காலையில் எயினி உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த, வெளியே சொல்லக்கூடிய ஜீவன் ஊமைக்குருவி ஒன்றுதான். அவர்கள் மேட்டுக்கு வந்தவுடனே சொல்லிவிடுவது என்று அது முடிவுசெய்தது. இதை நான் உறுதியாகச் சொல்கிறேன். சொல்லக் கூடாது என்று அது ஒருபோதும் நினைக்கவில்லை.

வெயில் ஏறுமுன்பே அவர்கள் வந்துவிட்டார்கள். தயாராக இருக்கிற கல்வீட்டை அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று காரி சொல்லியிருந்தார். வாயடக்கத் தெரியாத குழந்தைகளை ஓடைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, மற்ற முப்பது பேரும் நாக்குக்கு அடியில் கல்லோடு ஏறி வந்தார்கள். முன்னால் பிட்டன் மனைவியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். அவள் வாயிலும் கல் இருந்தது. காலை மடக்கி, ஒருக்களித்து உள்ளே படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் அந்த மரக்குடுவையை வைக்கப்போன பிட்டன், என்ன நினைத்தானோ, அதைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

பறவை அலகைத் திறந்தது.

அதே நேரம் கல் பொறுக்குவதற்காக எல்லாரும் மேடு முழுக்கப் பரவினார்கள். ஒருவன் முள்கிளையைத் தாண்டி வந்து நின்றான். அது பிட்டன். அவன் கால் முட்டையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. குனிந்து, முட்டைக்கு அடுத்திருந்த கல்லை எடுத்தான். பிறகு அதற்கு அடுத்ததை எடுத்தான்.

பறவை அலகை மூடிக்கொண்டது. இவன் போகட்டும், சொல்லலாம்.

அவன் போனான், அடுத்து ஒரு பெண் வந்தாள். இவளும் போகட்டும். பன்னிரண்டு பேர் சேர்ந்து மூடும் கல்லைப் புரட்டி உட்காரவைத்தார்கள். தரை அதிர்ந்தது. பறவையின் நெஞ்சுக்கு அடியில் ஒரு முட்டைக்குள்ளிருந்து குஞ்சு ஓட்டைத் தட்டியது. மெல்லிய தட்டு. பொரியப்போகிற குஞ்சு அப்படித் தட்டும். இன்னும் கொஞ்ச நேரந்தானே என்று பறவை நினைத்தது.

மூடும் கல்லின்மேல் ஒரு வரிசைக் கல் ஏறியது. வெயிலும் ஏறியது. அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

டொக்... டொக்டொக்டொக்.

முப்பது பேரின் கையும் அப்படியே நின்றது. கல்லை வைக்கக் குனிந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள். ஒருவரும் இன்னொருவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் தங்கள் கையில் இருந்த கல்லையே பார்த்தார்கள்.

பிறகு ஒரு கை கல்லை வைத்தது. யாருடைய கை என்று தெரியாது. அதைப் பார்த்து இன்னொரு கை வைத்தது.

டொக்... டொக்டொக்டொக்.

கல் ஏறிக்கொண்டே இருந்தது. சிலர் வேகமாக நடக்க ஆரம்பித்தார்கள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்பதைப்போல இருந்தது அவர்கள் நடை. பறவைக்கு நெஞ்சுக்கு அடியில் ஒரு தட்டும் எதிரே ஒரு தட்டும் மாறி மாறிக் கேட்டன. இத்தனை பேர் நிற்கிறார்களே, அவர்களுக்கும் கேட்கும், அவர்களே திறந்துவிடுவார்கள் என்று அது காத்திருந்தது. கல் உயர உயரச் சத்தம் குறைந்தது. கடைசியில் சத்தம் இல்லை.

காரி உச்சியில் கடைசிக் கல்லை வைத்துவிட்டு, வாய்க்கல்லைத் துப்பினார். எல்லாரும் துப்பினார்கள். சரளையில் முப்பது சின்னச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். இருபத்தொன்பதுதான் கேட்டது.

"யப்பா, என்னா வெயிலு" என்றான் ஒருவன்.

"கஞ்சி இருக்குதா, இல்ல போய்த்தான் காச்சணுமா?"

சாத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒன் வீடு போச்சு மாமா. இனிமே மழையில நனஞ்சுக்கிட்டே கெட" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. யாரும் கீழே இறங்கவில்லை.

கொஞ்சம் கழித்து சாத்தியே மறுபடி பேசினாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஏப்பா, ஒண்ணு கேக்குறேன். உள்ள எலி கிலி ஏதாச்சும் மாட்டிக்கிச்சா?"

"எலியா? எதுக்குக் கேக்குற?"

"இல்ல... தட்டுச்சே."

பிட்டனின் தம்பி உதிரன்தான் மெல்லக் கேட்டான். "அத்த, உனக்கும் கேட்டுச்சா?"

"உனக்கு?"

"நான் எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்."

"எனக்கும் கேட்டுச்சு" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "எனக்கும்" என்றது இன்னொரு குரல். அது அப்படியே ஒவ்வொரு வாயாகச் சுற்றி வந்தது. ஆளாளுக்குப் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தார்கள். அன்று காலையிலிருந்து அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தது அப்போதுதான்.

கடைசியாக எல்லாரும் பிட்டனைப் பார்த்தார்கள். அவன் இன்னும் வாய்க்கல்லைத் துப்பவில்லை. இப்போது துப்பினான்.

"அவதான்" என்றான். "மொதத் தட்டுலயே தெரியும். வேற யாரு அப்படித் தட்டுவா?"

"தெரிஞ்சா ஏன்டா..." என்று ஆரம்பித்த உதிரன் நிறுத்திக்கொண்டான். அவனுக்கும் தெரியும்.

பிட்டன் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தான். "புள்ள அங்க இருக்குது" என்றான்.

"உசுரு இருந்திருந்தா வாயால கூப்பிட்டிருப்பா" என்றார் காரி. "செத்தவங்க திரும்பிப் பாக்குறதுதான் அப்படிக் கேக்கும். வெச்ச கல்ல எடுக்கக் கூடாது. எடுத்தா யார் வீட்டுப் புள்ள போகும்னு சொல்ல முடியாது."

இவ்வளவு கேட்ட பிறகும் ஒருவரும் அசையவில்லை. அதைப் பார்த்தபோதுதான் ஊமைக்குருவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவர் காதிலும் விழவில்லை என்றால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். தன்னைப்போலவே அவர்களும், யாராவது ஒருவர் முதலில் பேசட்டும் என்று, கையில் கல்லோடு காத்திருந்திருக்கிறார்கள்.

பறவை முட்டையை விட்டு எழுந்து பறந்தது. அதுவரை யாரும் கேட்டிராத குரலில் கத்தியது.

"உசுரு! உசுரோட இருக்கா! குரலுதான் வரல! உசுரு! உசுரோட இருக்கா!"

அவர்கள் தலைக்குமேல் வட்டமடித்துத் திரும்பத் திரும்ப அதையே கத்தியது. முதலில் ஓடியவன் பிட்டன். பிறகு முப்பது பேரும் ஓடினார்கள். மேட்டின் நாலு பக்கத்திலிருந்தும் கல்குவியலை நோக்கி ஓடினார்கள். கீழே என்ன கிடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. முள்கிளை நொறுங்கியது.

வைக்கும்போது ஒவ்வொன்றாக வைத்த கல்லை இப்போது இரண்டு கையாலும் வாரி எறிந்தார்கள். நகம் பெயர்ந்தது. சாத்தி அழவில்லை, "வந்துட்டோம்டி, வந்துட்டோம்டி" என்று கல்லைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே எறிந்தாள். மூடும் கல்லைப் புரட்டினார்கள்.

ஒருக்களித்துப் படுக்கவைத்த எயினி உட்கார்ந்திருந்தாள்.

கிழக்குப் பக்கப் பலகைக் கல்லில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பிட்டன் உள்ளே குதித்துத் தோளைத் தொட்டான். உடம்பு சூடாக இருந்தது. வெயில்பட்ட கல்லைப்போல அல்ல, ஆளைப்போலச் சூடாக இருந்தது. ஆனால் மூச்சு இல்லை. இந்தமுறை அவர்கள் நெடுநேரம் பார்த்தார்கள். உண்மையிலேயே இல்லை.

அவள் வாயில் கல் இல்லை. அது கையில் இருந்தது. உருண்டையாக இருந்த கல் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. அவள் முகத்துக்கு நேரே, பலகைக் கல்லில், உள்ளங்கை அளவுக்கு வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு. அங்கேயே தட்டித் தட்டிக் கல்லின் தோல் உரிந்திருந்தது.

பேசக் கூடாது என்று அவள் வாயில் அவர்கள் வைத்த கல்லை எடுத்து அவள் பேசியிருக்கிறாள்.

நெடுநேரம் ஒருவரும் அழவில்லை. அழுகை வரவில்லை. ஒவ்வொருவராகக் குனிந்து அந்தத் தழும்பைத் தொட்டார்கள். கல்மாவு விரலில் ஒட்டியது.

பிட்டன் மேலே ஏறி வந்து முள்கிளை கிடந்த இடத்தில் உட்கார்ந்தான். அங்கே பறவை நின்றுகொண்டிருந்தது. முட்டைகள் நசுங்கிக் கிடந்தன. மூன்று நசுங்கியிருந்தன. ஒன்று மட்டும் கல்லிடுக்கில் உருண்டு தப்பியிருந்தது.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும்" என்றது பறவை.

"ஏன் சொல்லல?"

"முட்டைக்காகத்தான்."

பிட்டன் நசுங்கிய முட்டைகளைப் பார்த்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தான்.

"நானும் அதுக்குத்தான்" என்றான்.

அவர்கள் அன்று கல்வீட்டை மூடவில்லை. கிழக்குப் பலகையில் அந்த வெள்ளைத் தழும்பு இருந்த இடத்திலேயே துளை போடச் சொன்னார் காரி. கல்லால் கல்லை இடித்து ஏழு பகல் வேலை செய்தார்கள். ஒரு தலை நுழையும் அளவுக்குத் துளை விழுந்தது. அதன்பிறகுதான் மூடினார்கள்.

"உள்ள இருந்து தட்டுனா வெளிய கேக்கணும்" என்றார் காரி. "கேக்கலன்னு எவனும் சொல்ல முடியாம இருக்கணும்." வாய்க்கல் வைக்கும் பழக்கம் அந்தக் கூட்டத்தில் அதோடு முடிந்தது. சாவு வீட்டில் வாய்விட்டு அழலாம், அவரவர் பெயரைச் சொல்லிக் கத்தலாம், பறை அடிக்கலாம், எதற்கும் தடை இல்லை என்று ஆயிற்று.

தப்பிய முட்டை எயினி இறந்த மறுநாளே பொரிந்திருந்தது. ஓட்டிலிருந்து தலையை நீட்டிய குஞ்சுக்குத் தாய் பழைய பாடத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எவ்வளவு யோசித்தும் அந்தப் பாடம் அதன் வாயில் வரவில்லை. வேறு எந்தப் பேச்சும் வரவில்லை. அன்று கத்தியது மட்டுமே வந்தது. பிற்பாடு எல்லாப் பிராணிகளின் பேச்சும் மனிதருக்குப் புரியாமல் போனபோது அந்தக் கத்தலில் இருந்த சொல்லும் தேய்ந்துவிட்டது. எயினி தட்டியதைப்போல ஒன்று, கொஞ்சம் விட்டு மூன்று என்ற தட்டு மட்டும் மிஞ்சியது.

அந்த மேடு இப்போதும் இருக்கிறது. சுற்றிலும் நிலக்கடலைக் காடு. காட்டுக்காரர்கள் அதைப் பாண்டவர் வீடு என்கிறார்கள். டிராக்டர் ஓட்டுபவர் அதன் அருகே வந்ததும் வளைத்துக்கொண்டு போகிறார். ஏன் என்று கேட்டால், கல்லில் பட்டுக் கலப்பையின் கொழு உடைந்துவிடும் என்கிறார். அதுவும் உண்மைதான். கல்குவியல் பாதி சரிந்துவிட்டது. கிழக்குப் பலகையும் துளையும் அப்படியே இருக்கின்றன. ஆட்டுக்குட்டிகள் அதில் தலையை விட்டு விளையாடுகின்றன.

மேட்டுப் பக்கம் நாம் காலெடுத்து வைத்தால் போதும், சரளையிலிருந்து ஒரு பறவை எழும்பித் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். அதற்கு அங்கே முட்டை இருக்கிறது என்று அதன் கத்தலிலிருந்தே நமக்குத் தெரிந்துவிடும். அது தெரிந்தும் கத்தும். முட்டையைக் காப்பதற்காக ஒருமுறை வாயை மூடியிருந்தது அல்லவா, அந்தக் காலையிலிருந்துதான் ஆள்காட்டிக் குருவி மனித வாடை பட்டாலே, யாராவது முதலில் பேசட்டும் என்று காத்திராமல், ஒன்று விட்டு மூன்றாகக் கத்திக்கொண்டிருக்கிறது.